ஏறும்போது மனைவி, இறங்கும்போது அறைத்தோழி: நாட்டுக்கு நாடு சட்டம் இப்படியா மாறும்?

மழைக்குருவி:
நானும் என் இணையரும் பெண்கள். தன்பாலினத் திருமணம் செல்லுபடியாகும் நாட்டில் முறைப்படி பதிவு செய்து நான்கு வருடமாகிறது. இப்போது அலுவலகத்தில் மூன்று ஊர்களைச் சொல்லி எதற்குப் போகிறாய் என்கிறார்கள்: ஹாங்காங், சிங்கப்பூர், தோஹா. இணையத்தில் ஒரு உலக வரைபடம் பார்த்தேன். பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் கெட்டது, நடுவில் ஏழெட்டு வகை மஞ்சள். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. ஹாங்காங்கும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே நிறம். ஆனால் மனிதவளப் பிரிவில் ஒன்றுக்கு "இணையரையும் கூட்டிப் போகலாம்" என்கிறார்கள், இன்னொன்றுக்கு "அவர் விசாவை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்கிறார்கள். யாராவது விளங்கச் சொல்லுங்களேன். 'பத்திரமாக இருங்கள்' மாதிரி அறிவுரை மட்டும் வேண்டாம், அது தேவைக்கு மேல் கிடைத்துவிட்டது.

பழையபேனா:
முதலில் வரைபடத்தை மூடி வையுங்கள். அது ஒரு நாட்டுக்கு ஒரு நிறம்தான் பூசும், சட்டமோ ஒரே நாட்டுக்குள் நாலு பக்கம் இழுக்கும். தண்டனை உண்டா என்பது ஒரு கேள்வி. உறவைப் பதிவேட்டில் ஏற்றுவார்களா என்பது வேறு கேள்வி. வேலையிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ துரத்தினால் வழக்குப் போட முடியுமா என்பது அதற்கும் அடுத்தது. இவை மூன்றும் கைகோத்து நடக்கும் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூனில் ஓபர்கெஃபெல் தீர்ப்பு வந்து எல்லா மாநிலங்களிலும் திருமணம் செல்லும் என்றாயிற்று. ஆனால் தன்பாலீர்ப்பு என்ற காரணத்துக்காக ஒருவரை வேலையைவிட்டு அனுப்புவது மத்தியச் சட்டப்படி தவறு என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது 2020இல், பாஸ்டாக் வழக்கில். இடைப்பட்ட ஐந்து வருடம், பல மாநிலங்களில் ஞாயிறு கல்யாணம் முடித்துவிட்டு, திங்களன்று மேசையில் கல்யாணப் படம் வைத்தால் வேலை போய்விடலாம், அதைத் தட்டிக் கேட்கத் தெளிவான சட்டம் கிடையாது.

இனி உங்கள் ஊர்கள். ஹாங்காங்கில் 1991இலேயே தண்டனை போய்விட்டது, திருமணம் இன்றுவரை இல்லை. ஆனால் 2018இல் ஒரு பெண் தன் மனைவியைச் சார்ந்து வாழ விசா கேட்டுப் போட்ட வழக்கில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மனிதவளப் பிரிவு தலையாட்டுவது அதனால்தான். 2023 செப்டம்பரில் அதே நீதிமன்றம், இப்படிப்பட்ட இணையர்களை அங்கீகரிக்க மாற்று ஏற்பாடு ஒன்றை இரண்டு வருடத்துக்குள் செய்யுங்கள் என்று அரசுக்குக் கெடு வைத்தது. அரசும் ஒரு மசோதா கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் சட்டமன்றம் அதைத் தோற்கடித்துவிட்டது. ஆக விசா உண்டு, திருமணம் இல்லை, இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டியதும் இல்லை.

சிங்கப்பூர் கதை இன்னும் விசித்திரம். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 1938இல் சேர்த்தது. அதை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது, எல்லாரும் கைதட்டினார்கள். அதே அமர்வில் அரசமைப்பையும் திருத்தி, திருமணம் என்றால் ஆண் பெண் திருமணம்தான் என்ற வரையறையை நீதிமன்றத்தில் போய்க் கேள்வி கேட்க முடியாதபடி பூட்டும் போட்டார்கள். ஒரு கை திறந்த கதவை மறு கை தாழிட்டது. உங்கள் திருமணச் சான்றிதழுக்கு அங்கே குடும்ப விசா கிடைக்காது.

தோஹா பற்றிச் சுருக்கமாக: கத்தாரில் தன்பாலின உறவு தண்டனைக்குரிய குற்றம். 2022 உலகக் கோப்பையில் பாகுபாட்டுக்கு எதிரான பல வண்ண 'ஒன்லவ்' கைப்பட்டையைத் தலைவர்கள் கட்டி ஆட ஏழு ஐரோப்பிய அணிகள் தயாராக இருந்து, மஞ்சள் அட்டை காட்டுவோம் என்று ஃபிஃபா சொன்னதும் பின்வாங்கியது ஞாபகம் இருக்கும். அணித்தலைவர்களுக்கே அந்த நிலை.

நடுப்பக்கம்:
தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாட்டுக்குப் பிழைக்கப் போகிறோம் என்றால் அந்த நாட்டுச் சட்டத்தை மதித்துத்தானே ஆக வேண்டும்? மேற்கத்திய நாடுகள் தங்கள் ஓரினச்சேர்க்கைச் சட்டங்களை எல்லார் தலையிலும் கட்டப் பார்க்கின்றன. ஆசிய, ஆப்பிரிக்க மரபுகளுக்கு என்று ஒரு பார்வை இருக்கிறதில்லையா.

உப்புக்காற்று:
நீங்கள் மரபு என்கிறீர்களே, அது லண்டனிலிருந்து கப்பலில் வந்த மரபு. ஆங்கிலேய அதிகாரி மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது, அதில் 377ஆம் பிரிவு. "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான" உறவு என்ற வாசகம் அங்கே பிறந்து, மலாயா, சிங்கப்பூர், பர்மா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று சில இடத்தில் எண்கூட மாறாமல் ஊர் சுற்றியது. இலங்கையில் அது 1883 தண்டனைக் கோவையின் 365, 365ஏ. பிரிட்டன் தன் வீட்டில் (இங்கிலாந்து, வேல்ஸ் மட்டும்) 1967இல் விலக்கிக்கொண்டது. ஸ்காட்லாந்து 1980 வரையும் வட அயர்லாந்து 1982 வரையும் காத்திருந்தன, அதுவும் வட அயர்லாந்துக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குட்டிய பிறகு. குடியேற்ற நாடுகள் அந்தச் சட்டத்தைத் தம் சொந்தப் பண்பாடு என்று நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தன.

இலங்கையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 365ஏ பழைய வடிவில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் தண்டனைக் கோவையைத் திருத்தினார்கள். ஆண் என்று இருந்த இடத்தில் 'ஆள்' என்று பொதுவாகப் போட்டார்கள். பிரிவை எடுப்பதற்குப் பதில் பெண்களையும் உள்ளே கொண்டுவந்தாயிற்று. சமத்துவம் வந்த விதம் அப்படி! 2023இல் அதை நீக்கும் தனிநபர் மசோதா அரசமைப்புக்கு முரணானது இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அதற்குமேல் வண்டி நகரவில்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல். சேர்க்கை என்றாலே படுக்கையறை மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. தன்பாலீர்ப்பு என்று சொல்லுங்கள். ஒருவர் இருபது வருடம் ஒரே ஆளோடு குடும்பம் நடத்துவதையும் சேர்க்கை என்றா சொல்வீர்கள்?

நடுப்பக்கம்:
சொல்லை மாற்றிக்கொள்கிறேன், அதில் எனக்கு வீம்பில்லை. ஆனால் எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போடுவது வசதியான வாதம். ஈரானில் மரண தண்டனை இருக்கிறதே, அதை எந்த மெக்காலே எழுதினார்? பிரெஞ்சுக்காரர்கள் 1791 புரட்சிக் காலத்துத் தண்டனைச் சட்டத்திலேயே இந்தக் குற்றத்தைக் கைவிட்டவர்கள். அவர்களிடமிருந்த மாலியும் புர்கினா ஃபாசோவும் விடுதலைக்குப் பிறகு அறுபது வருடத்துக்கும் மேலாக இதைக் குற்றம் என்று சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது புதிதாகச் சட்டம் போடுகின்றனவே. புர்கினாவில் 2025 செப்டம்பரில் வந்த சட்டம் இரண்டு முதல் ஐந்து வருடச் சிறை என்கிறது. இது யாருடைய கப்பலில் வந்தது?

பழையபேனா:
நியாயமான அடி. ஒத்துக்கொள்கிறேன். குடியேற்றச் சட்டம் என்பது பழைய தண்டனைப் பிரிவுகள் எங்கிருந்து வந்தன என்பதற்குத்தான் விளக்கம், இன்று ஏன் புதிதாக எழுதுகிறார்கள் என்பதற்கு இல்லை. ஈராக் 2024 ஏப்ரலில் 10 முதல் 15 வருடச் சிறை என்று எழுதியது. அங்கே அதற்கு முன் நேரடியாக இப்படி ஒரு பிரிவு கிடையாது.

புதிய சட்டங்களைப் பழையவற்றோடு அருகருகே வைத்துப் படித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். 377 மாதிரிப் பழைய பிரிவுகள் செயலைத்தான் தண்டித்தன, நிரூபிப்பதும் கஷ்டம், அதனால் பெரும்பாலும் மிரட்டிக் காசு பறிக்கத்தான் பயன்பட்டன. புதியவை பேச்சைக் குறிவைக்கின்றன. ரஷ்யாவில் தன்பாலின உறவு 1993 முதல் குற்றமில்லை, இன்றும் இல்லை. ஆனால் 2013இல் சிறுவர்களிடையே 'பிரசாரம்' செய்யக் கூடாது என்று தொடங்கி, 2022இல் எல்லா வயதினரிடமும் கூடாது என்று விரித்து, 2023 நவம்பரில் 'சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்' என்று ஒன்றைத் தீவிரவாத அமைப்பாக அறிவித்துவிட்டார்கள். அப்படி ஓர் அமைப்பே உலகில் இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் உறுப்பினர் ஆகலாம், அதுதான் அதன் சூட்சுமம். உகாண்டாவின் 2023 சட்டத்தில் உறவுக்கு ஆயுள், சில சூழ்நிலைகளில் மரண தண்டனை, 'ஊக்குவிப்பதற்கு' 20 வருடம் வரை சிறை. இந்த இழையே அங்கே ஊக்குவிப்புதான்.

எகிப்து இன்னொரு ரகம். தன்பாலீர்ப்பு என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. 1961இல் பாலியல் தொழிலை ஒழிக்க எழுதிய சட்டத்தில் 'ஒழுக்கக்கேடு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதை வைத்தே பிடிக்கிறார்கள். சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டுகிறவருக்கு அந்த நாடு வெள்ளை நிறமாகத் தெரியும்.

கரும்பலகை:
ஒரு திருநங்கையாகக் கேட்கிறேன், எல்ஜிபிடி என்கிறீர்களே, இந்த இழையில் 'எல்' (பெண்ணை நேசிக்கும் பெண்) இருக்கிறது, 'ஜி' (ஆணை நேசிக்கும் ஆண்) இருக்கிறது, 'டி' (திருநர்) எங்கே? எங்களுக்கான சட்டம் உங்கள் வண்டியில் வருவதே இல்லை, சில நாட்டில் முன்னால் ஓடுகிறது, சில நாட்டில் பின்னால் தள்ளப்படுகிறது.

பாகிஸ்தான் 2018இல் சொந்த விருப்பப்படி அடையாள அட்டையில் பாலினத்தைப் பதிய அனுமதித்தது. அப்போது பல ஐரோப்பிய நாடுகளில் மருத்துவர் சான்றிதழ் இல்லாமல் அது நடக்காது. தன்பாலின உறவுக்கான 377 அதே பாகிஸ்தானில் அப்படியே இருந்தது, இருக்கிறது. 2023இல் கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம் அந்த 2018 பாலினச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. பங்களாதேஷ் 2013இல் ஹிஜ்ராக்களைத் தனிப் பாலினமாக ஏற்றுக்கொண்டது, அங்கேயும் 377 உண்டு. ஈரான் இன்னும் வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லக் கூடாது: ஆண் ஆணை நேசித்தால் தூக்கு வரை போகலாம், ஆனால் நாட்டின் தலைவராக இருந்த கொமெய்னி கொடுத்த ஃபத்வாவின் (மதத் தீர்ப்பின்) பேரில் பாலின மாற்று அறுவை சிகிச்சைக்கு அனுமதி உண்டு. இதனால் மாறவே விரும்பாத சிலரையும் சிகிச்சைப் பக்கம் தள்ளுகிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் ரொம்ப நாளாகச் சொல்லிவருகின்றன.

முன்னேறிய நாடு என்று பெயர் வாங்கியவர்களையும் பாருங்கள். உலகிலேயே முதலில் சட்டப்படி பாலினம் மாற்றிக்கொள்ள வழி செய்தது ஸ்வீடன், 1972இல். கூடவே ஒரு நிபந்தனை வைத்தது, கருத்தடை அறுவை செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த நிபந்தனை 2013 வரை இருந்தது, பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். ஜப்பானில் இதே நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில்தான் அரசமைப்புக்கு எதிரானது என்றது. அதே நேரம் அர்ஜென்டினா 2012இலேயே மருத்துவரும் வேண்டாம் நீதிபதியும் வேண்டாம், நீ சொன்னால் போதும் என்று சட்டம் எழுதிவிட்டது. ஹங்கேரி 2020இல் இருந்த வழியையே அடைத்தது. ரஷ்யா 2023 ஜூலையில் பாலின மாற்றத்தைத் தடை செய்ததோடு, ஏற்கெனவே மாறியவர்களின் திருமணங்களையும் ரத்தாக்கியது. நேற்றுவரை செல்லுபடியான கல்யாணம்!

எனக்கு நடந்தது ஒன்று. ஒரு நாட்டு எல்லையில் என் கடவுச்சீட்டில் ஒரு பாலினம், பழைய விசாவில் வேறு பாலினம். அதிகாரி இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு "இதில் எது பொய்?" என்று கேட்டார். இரண்டும் அவரவர் நாட்டில் உண்மைதான் என்றேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு விட்டார்.

மழைக்குருவி:
மன்னியுங்கள், இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. 'எது பொய்' என்ற கேள்வி நெஞ்சில் தங்கிவிட்டது.

நடுப்பக்கம்:
நானும் படித்தேன். சரி, என் இன்னொரு கேள்வி: இதையெல்லாம் நீதிபதிகள் முடிவு செய்வது எனக்கு ஒப்பவில்லை. மக்களிடம் வாக்குக்கு விடலாமே. விட்டால் தோற்றுவிடும் என்ற பயமா?

பழையபேனா:
தன்பாலினத் திருமணத்தையே விட்டிருக்கிறார்கள். அயர்லாந்து 2015இல், 62 சதவீதம் ஆதரவு. சுவிட்சர்லாந்து 2021இல், 64. கியூபா 2022இல் புதிய குடும்பச் சட்டத்தையே வாக்குக்கு விட்டது, மூன்றில் இரண்டு பங்குபோல ஆதரித்தார்கள். தோற்ற கதையும் உண்டு. ஸ்லோவேனியாவில் நாடாளுமன்றம் 2015இல் இயற்றியதை அதே வருடம் மக்கள் வாக்கெடுப்பு தள்ளிவிட்டது, 2022இல் அரசமைப்பு நீதிமன்றம் வந்து திறந்துவிட்டது. தாய்லாந்தில் நாடாளுமன்றமே இயற்றி 2025 ஜனவரி முதல் நடைமுறை. தைவானில் 2017இல் நீதிமன்றம் கெடு வைத்து, 2018இல் மக்கள் வாக்கெடுப்பு எதிராகப் போய், 2019இல் சட்டமன்றம் தனிச்சட்டம் போட்டுச் சமாளித்தது. எந்தக் கதவு வழியாக வந்தது என்பதைப் பொறுத்து அது நிலைக்குமா என்று சொல்லவே முடியாது.

பிரிட்டனின் ஆட்சிப் பகுதியான பெர்முடாவைப் போல அலைக்கழிந்தவர்கள் கிடையாது. 2017இல் நீதிமன்றம் திருமணத்தை அனுமதித்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் சட்டமன்றம் பறித்தது. மறுபடி அங்குள்ள நீதிமன்றங்கள் கொடுத்தன. 2022 மார்ச்சில் லண்டனில் இருக்கும் பிரிவி கவுன்சில் (அதுதான் அவர்களுக்கு இறுதி நீதிமன்றம்) பறித்தது. இடையில் செய்துகொண்ட திருமணங்கள் செல்லும், இனிமேல் புதிது கிடையாது. ஒரே தெருவில் ஒரு ஜோடி தம்பதி, பக்கத்து வீட்டு ஜோடி தம்பதி இல்லை, வித்தியாசம் தேதி மட்டும். டிரினிடாடில் தண்டனைப் பிரிவையே 2018இல் உயர் நீதிமன்றம் அடித்தது, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எழுப்பி உட்கார வைத்தது.

உப்புக்காற்று:
இந்தியாவும் அதே ஊஞ்சல்தானே. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் 377ஐத் தளர்த்தி, 2013இல் உச்ச நீதிமன்றம் பழையபடி இறுக்கி, 2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அவிழ்த்தார்கள். அந்தத் தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, வரலாறு இவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றே எழுதினார். 2023 அக்டோபரில் திருமணம் கேட்டுப் போனபோது, அதை நாடாளுமன்றத்திடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது: கூட்டு வங்கிக் கணக்கு திறக்கலாம், இணையரை நியமனதாரராகப் போடலாம், தடையில்லை என்று. குற்றவாளி என்ற பட்டம் போய், கூட்டுக் கணக்கு வரை வந்து நிற்கிறது.

ஏழாம்நிழல்:
எல்லாரும் திருமணத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், மழைக்குருவி, பிள்ளை இருக்கிறதா உங்களுக்கு? இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஸ்பெயினில் இரண்டு தாய்மாருக்கு ஒரு குழந்தை பிறந்தது, ஒருவர் பல்கேரியக் குடிமகள். ஸ்பெயின் சான்றிதழில் இருவரும் தாய். பல்கேரியா, எங்கள் படிவத்தில் தாய்க்கு ஒரு கட்டம்தான், யார் பெற்ற தாய் என்று சொல் என்றது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 டிசம்பரில், இரு பெற்றோரோடும் அந்தக் குழந்தை ஒன்றியத்துக்குள் தடையின்றிப் பயணிக்க உரிமை உண்டு என்றது, அதேசமயம் உள்நாட்டில் தன்பாலினப் பெற்றோர்மையை ஏற்கச் சொல்லி பல்கேரியாவைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லையைத் தாண்டலாம், வீட்டுக்குள் தாயில்லை.

எங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே பாடு. பள்ளியில் சேர்க்கும்போது என் பெயரை 'அவசரத் தொடர்புக்கு' என்ற இடத்தில் எழுதச் சொன்னார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஜுரம் பார்க்கிறவளுக்கு வைத்த பெயர், அவசரத் தொடர்பு.

மழைக்குருவி:
பிள்ளை இல்லை, இப்போதைக்குப் பூனை மட்டும். அதன் கடவுச்சீட்டில் உரிமையாளர் என்று எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது, எந்த நாட்டிலும் தகராறு வராது என்று நினைக்கிறேன்.

ஹாங்காங் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு பயம் பாக்கி. எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரியில் இவள் பேச்சைக் கேட்பார்களா?

பழையபேனா:
திருமணச் சான்றிதழை நம்பி மட்டும் போகாதீர்கள். போய் இறங்கியதும் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் இருவரும் உயில் எழுதுங்கள், சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதி வைக்க முடிகிற ஆவணம் எதுவோ அதையும் செய்யுங்கள், ஆளுக்கொரு பிரதி. வங்கி, காப்பீடு இரண்டிலும் நியமனதாரர் பெயரைப் புதிதாக எழுதிக் கொடுங்கள், பழைய நாட்டில் கொடுத்தது தானாக வராது. அங்கே பொது வீட்டுவசதியிலும் உயில் இல்லாத சொத்திலும் இப்படிப்பட்ட இணையர்களுக்கு உரிமை உண்டு என்று 2024 நவம்பரில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அது உங்களுக்குச் சாதகம்தான். இருந்தாலும் நடுராத்திரியில் ஆஸ்பத்திரி மேசையில் இருப்பவர் தீர்ப்பைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார், காகிதம் கையில் இருக்கட்டும்.

கரும்பலகை:
போகும் வழியையும் பாருங்கள். எல்லாரும் போய்ச் சேரும் நாட்டைத்தான் பார்ப்பார்கள்.

மழைக்குருவி:
இப்போதுதான் டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். தோஹாவில் மூன்று மணி நேரம் காத்திருப்பு. நேரடி விமானம் ஒன்றும் இருந்தது, அலுவலகத்தில் விலை பார்த்து இதைப் போட்டிருக்கிறார்கள். சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்து மூடிவிட்டேன். மூன்று மணி நேரம் அறைத்தோழிகளாக இருந்துவிட்டுப் போகிறோம், பூனை மட்டும் எங்கள் இருவருக்கும் சொந்தம்.